கட்டிப்போட்டால் குட்டிபோடும்: மீன்தொட்டிச் செடிகளை இலையிலிருந்தே பெருக்குவது

ஜாவா ஃபெர்ன் வளர்க்கும் நண்பர்கள் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கை பரபரக்கும். அடியில் கிடக்கும் முற்றிய இலை, பழுப்புப் புள்ளி விழுந்த இலை, ஓரம் கிழிந்த இலை எல்லாவற்றையும் நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்கள். “இருங்க, அதை இப்படிக் கொடுங்க” என்று வாங்கிக்கொள்வேன். அடுத்த செடி ஒளிந்திருப்பது அந்த அழகில்லாத இலைகளில்தான்.

என்னிடம் இருப்பது 60 லிட்டர் தொட்டி ஒன்று, அதற்குப் பக்கத்தில் மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று. டப்பாதான் நாற்றங்கால். தொட்டியில் இன்று இருக்கிற ஜாவா ஃபெர்ன் அத்தனையும் ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய ஒரே கொத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். கொடுத்ததற்குக் கணக்கே இல்லை.

ரணகள்ளிக்குத் தமிழில் இன்னொரு பெயர் உண்டு: கட்டிப்போட்டால் குட்டிபோடும். இலையைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிட்டாலே அதன் ஓரப் பள்ளங்களில் குட்டிச்செடிகள் முளைத்துவிடும். தண்ணீருக்குள்ளும் அந்தக் குணமுள்ள செடிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாச் செடிக்கும் அந்தக் குணம் இல்லை. முதலில் அதைத் தெளிவாக்கிக்கொண்டால் பல மாதக் காத்திருப்பு மிச்சமாகும்.

எந்தச் செடியில் நடக்கும், எதில் நடக்காது

அனுபியாஸ் இலையைக் காம்போடு பறித்து மிதக்கவிட்டால் பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்து நம்பிக்கை வந்துவிடும். எனக்கும் வந்தது. ‘இலை போட்டாலே வளரும்’ என்று சொல்லி ஒருவர் கொடுத்த ஆறு அனுபியாஸ் இலைகளை ஐந்து மாதம் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றினேன். கடைசியில் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்தன. அனுபியாஸ் பெருகுவது ரைசோம் மூலமாக. இலைகளுக்கும் வேர்களுக்கும் நடுவில் படுத்துக்கிடக்கும் அந்தத் தடித்த தண்டில்தான் மொட்டுகள் இருக்கின்றன. மூன்று நான்கு இலையோடு தண்டைத் துண்டாக்கினால் புதுச்செடி. தண்டில்லாத இலை வெறும் இலைதான்.

கிரிப்டோகோரைன் அப்படியே: மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத்தண்டின் சிறு துண்டிலிருந்து தளிர்க்கும், இலையிலிருந்து தளிர்க்காது. வாலிஸ்நேரியா தரையில் ஓடும் கொடித்தண்டால் பெருகும். அமேசான் வாள்செடி பூக்காம்பு நீட்டி, அதன் கணுக்களில் குட்டி விடும். இவற்றின் இலையை வைத்துக்கொண்டு பாடுபட வேண்டாம்.

இலையிலிருந்து நிச்சயமாக வருபவை: ஜாவா ஃபெர்ன், வாட்டர் ஸ்ப்ரைட், ஹைக்ரோஃபிலா வகைகளில் பல, வாழைச்செடி என்று தொட்டிக்காரர்கள் சொல்லும் நிம்ஃபாய்டஸ், அல்லிகளில் சில. லொபீலியா கார்டினாலிஸ் இலையும் சில சமயம் கொடுக்கும். நான் இதில் ஜாவா ஃபெர்னைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அதிகம் வீணாக்கப்படுவதும் அதன் இலைதான்.

ஜாவா ஃபெர்ன்

இது ஒரு பெரணி. தென்கிழக்கு ஆசியாவின் ஓடைக்கரைப் பாறைகளிலும் மரவேர்களிலும் ஒட்டிக்கொண்டு, பாதி நேரம் நனைந்தும் பாதி நேரம் தண்ணீருக்கு வெளியேயும் வாழப் பழகிய செடி. வெள்ளம் வந்து இலையைப் பிய்த்துக்கொண்டு போனாலும் அந்த இலை எங்கோ ஒரு கல்லிடுக்கில் தங்கி மறுபடியும் செடியாகிவிடும். நாம் டப்பாவில் செய்வது அந்த வெள்ளத்தின் வேலையைத்தான்.

நல்ல இலையைத் தேர்ந்தெடுக்க, இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுநரம்பின் இரண்டு பக்கமும் பழுப்பாகச் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கலாம். புதிதாக வளர்ப்பவர்கள் இதை நோய் என்று பயந்து வெட்டுகிறார்கள். பெரணிக்கு விதை கிடையாது, ஸ்போர் எனப்படும் தூள்போன்ற வித்துகள்தான். அவை உருவாகும் இடங்கள் இலையின் அடியில் இப்படித்தான் தெரியும். நோய் இலைக்கும் இதற்கும் வித்தியாசம் விரலுக்கே தெரியும். புடைப்பு என்றால் தடவும்போது சொரசொரப்பாக, ஏறக்குறைய ஒழுங்கான இடைவெளியில் இருக்கும், சுற்றியுள்ள இலை உறுதியாக இருக்கும். அழுகல் என்றால் கறுப்பு திட்டுத்திட்டாகப் பரவும், அந்த இடம் வழவழவென்று மெலிந்து, அழுத்தினால் கிழியும்.

நான் எடுப்பது உள்ளங்கை நீளமாவது வளர்ந்த, முற்றிய, கரும்பச்சை இலை. ஓரத்தில் கொஞ்சம் பழுப்பேறியிருந்தாலும் பரவாயில்லை. நடுநரம்பு விறைப்பாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இளந்தளிர் இலையை எடுத்தால் குட்டி விடுவதற்குள் கரைந்துபோகிறது. குட்டிக்கு வேர் பிடித்துச் சொந்தமாகச் சாப்பிடத் தொடங்கும் வரை தாயிலையில் இருக்கும் சேமிப்புதான் சோறு. இளம் இலையில் அந்தச் சேமிப்பு இல்லை. என் அக்கா மகள் முதல்முறை டப்பாவைப் பார்த்தபோது, “மாமா, இது செத்துப்போன இலைதானே?” என்று கேட்டாள். ஒரு மாதம் கழித்து அதே இலையின் நுனியில் நகத்தளவு இருந்த இரண்டு தளிர்களை அவளையே எண்ணச் சொன்னேன். அன்றிலிருந்து டப்பாவில் குறிப்பு எழுதுவது அவள் வேலை.

வெட்டுவது எப்படி என்று கேட்பார்கள். கூர்மையான கத்தரிக்கோலால் காம்பின் அடியில், ரைசோமை ஒட்டி ஒரே வெட்டு. கையால் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் ரைசோமின் தோலும் உரிந்து வரும், தாய்ச்செடி அந்த இடத்தில் அழுகும். முழு இலையாகவே போடலாம். நீளமான இலையாக இருந்தால் குறுக்கே வெட்டி விரல் நீளத் துண்டுகளாக்கியும் போடலாம். ஒவ்வொரு துண்டிலும் நடுநரம்பு இருக்க வேண்டும். துண்டாக்கினால் குட்டிகளின் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கும். என் அனுபவத்தில் முழு இலையே மேல். முழு இலையில் வந்த குட்டிகள் சீக்கிரம் தேறுகின்றன.

இதற்கு வேர் ஊக்கிப் பொடி எதுவும் வேண்டியதில்லை. உரக்குச்சியும் வேண்டாம். அடியில் மணலோ மண்ணோ போட வேண்டாம். ஜாவா ஃபெர்ன் இலையைச் சரளையில் நட்டு வைத்தால் புதைந்த பகுதி அழுகுகிறது, அவ்வளவுதான் பலன்.

டப்பா எப்படி இருக்க வேண்டும்

என் டப்பா ஒரு தாம்பாளம் அளவு அகலம், ஒரு சாண் உயரம். வெள்ளை நிறம் வேண்டுமென்றே எடுத்தது. வேர்கள் மயிரிழை போலப் பழுப்பாக இருக்கும், வெள்ளை அடிப்பாகத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் போதும். புதுத் தண்ணீரைவிடப் பெரிய தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீர் நல்லது. மீனின் கழிவில் இருந்து வந்த நைட்ரேட் அதில் கொஞ்சம் இருக்கும், குட்டிக்கு அதுவே உரம். குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். ஒரு நாள் வெறுமனே வைத்தால் குளோரின் போகும். குளோரமின் கலந்த தண்ணீராக இருந்தால் வைத்துப் பயனில்லை, அதற்கான நீக்கிதான் சேர்க்க வேண்டும்.

இலையை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மிதக்கவிடுங்கள். மிதப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. தண்ணீருக்குள் கரியமில வாயு மெதுவாகத்தான் கிடைக்கும். மேற்பரப்பில் மிதக்கும் இலைக்குக் காற்றிலிருந்தே கிடைக்கும், வெளிச்சமும் முதலில் அதற்குத்தான். மூழ்கிவிடும் இலைகளும் உண்டு. மூழ்கினாலும் குட்டி வரும், கொஞ்சம் தாமதமாகும்.

வெளிச்சம் விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் டப்பாவை நேரே வெயில் விழும் சன்னலில் வைத்தேன். பத்து நாளில் இலைகளை முடிப்பாசி மூடிவிட்டது. பிரஷ்ஷால் தேய்த்ததில் அப்போதுதான் முளைத்த குட்டிகள் பாசியோடு சேர்ந்து வந்துவிட்டன. இப்போது வெயில் படாத சன்னலோரம். அப்படி இடம் இல்லாதவர்களுக்கு ஒரு சிறிய எல்இடி விளக்கு, நாளுக்கு 7 அல்லது 8 மணி நேரம் போதும். இது மங்கலான வெளிச்சத்துக்குப் பழகிய செடி. வெளிச்சத்தைக் கூட்டினால் வேகமாகக் குட்டி விடும் என்பது நடக்கவில்லை, பாசிதான் வேகமாக வந்தது. வெப்பம் 22 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

பாசிக்கொல்லி மருந்தை நாற்றங்காலில் ஊற்றவே வேண்டாம். பெரிய செடி தாங்கும் அளவை இரண்டு மில்லிமீட்டர் குட்டி தாங்காது. பதிலாக நான்கைந்து சின்ன நத்தைகளை விடுங்கள். அவை பாசியையும் அழுகிய ஓரத்தையும் மேயும், உறுதியான ஜாவா ஃபெர்ன் இலையைத் தொடுவதில்லை. செர்ரி இறாலும் நல்ல துப்புரவுக்காரர்.

அப்புறம் கொசு. அசையாத தண்ணீர் என்றாலே கொசு முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். மூடியைக் காற்றுப் போகும் அளவுக்கு மட்டும் திறந்து, மேலே சன்னமான வலை போட்டு வைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். டப்பாவெல்லாம் வேண்டாம் என்பவர்கள், மீன்குஞ்சுகளைப் பிரித்து வைக்கும் வலைப்பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு அதில் இலைகளைப் போடலாம். தண்ணீர் மாற்றும் வேலையே இல்லை. ஃபில்டரின் நேர் வீச்சில் மட்டும் தொங்கவிட வேண்டாம், இலைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒதுங்கி அடியில் இருப்பது அழுகும்.

இனி காத்திருப்பு. மூன்று வாரம் வரை எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு இலையின் நுனியிலோ அடிப்பக்கத்திலோ பச்சையாக ஒரு குண்டூசித் தலை தெரியும். அதற்கு அடியில் பழுப்பு மயிர்போல வேர். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் அந்தக் குண்டூசித் தலை இரண்டு மூன்று குட்டி இலையாக விரிந்திருக்கும். ஒரே இலையில் 11 குட்டி எடுத்திருக்கிறேன். இரண்டோடு நின்றுவிட்ட இலைகளும் உண்டு. இந்தக் காலத்தில் தாயிலை மேலும் மேலும் பழுத்துச் சருகுபோல ஆகும். பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் அது சாகவில்லை, தன்னிடம் இருப்பதைக் குட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் அதைக் கிளறாமல் விட வேண்டும்.

இலை நுனி கொம்புகொம்பாகப் பிரியும் விண்டெலோவ் வகைக்கும் இதே முறைதான். டென்மார்க்கின் டிராபிகா செடி நிறுவனத்தைத் தொடங்கிய ஹோல்கர் விண்டெலோவின் பெயர் அது. அந்த வகையில் குட்டிகள் பெரும்பாலும் பிரிந்த நுனிகளில் முளைப்பதால், நுனி கருகியிருக்கும் இலையை எடுக்காதீர்கள். ஜாவா ஃபெர்னின் ஒல்லி இலை வகையிலும் டிரைடென்ட் வகையிலும் முழு இலையாகவே போடுங்கள்.

வாட்டர் ஸ்ப்ரைட்

இதுவும் பெரணிதான், ஆனால் அவசரக்காரப் பெரணி. ஜாவா ஃபெர்னில் பொறுமை இழந்தவர்கள் இதில் தொடங்கலாம். முற்றிய பெரிய இலை ஒன்றை எடுத்து மிதக்கவிட்டால், இலை பிளவுபடும் கவட்டைகளில் குட்டிகள் முளைக்கும். எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனதே இல்லை. தாய்ச்செடியில் இருக்கும்போதே முற்றிய இலைகளில் குட்டி தொங்குவதைப் பார்க்கலாம். இலை மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் வரை அதற்கு வேறு கவனிப்பே வேண்டாம். தங்கமீன் இருக்கும் தொட்டியில் மட்டும் போடாதீர்கள், ஒரே இரவில் காம்பு மட்டும் மிஞ்சும்.

ஹைக்ரோஃபிலா: வேர் வந்தால் மட்டும் போதாது

நம் நீர்முள்ளியின் குடும்பம் இது. வாட்டர் விஸ்டீரியா என்று விற்கும் ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இருந்து தொட்டிகளுக்கு வந்த ஹைக்ரோஃபிலா பின்னாட்டிஃபிடா, கோரிம்போசா வகைகள், எல்லாம் ஒற்றை இலையில் இருந்து வரக்கூடியவை. இவை பூக்கும் செடிகள், பெரணிபோல் அல்ல. இங்கே வெட்டும் முறை முக்கியம்.

இலை நுனியில் இருந்து காம்பை நோக்கி ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி ஓடிக்கொண்டே இருக்கும். காம்பை வெட்டியதும் அது வெட்டுவாயில் வந்து தேங்குகிறது. அதனால்தான் வேர் முதலில் வெட்டுவாயில் முளைக்கிறது. வெட்டுவாய் நசுங்கியிருந்தால் அந்த இடம்தான் முதலில் அழுகும். ஆகவே மழுங்கிய கத்தரிக்கோல் வேண்டாம், புது பிளேடு எடுத்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள். காம்பு முழுவதும் இலையோடு இருக்கட்டும்.

வாட்டர் விஸ்டீரியா இலையில் எனக்கு ஒரு வாரத்திலேயே வெள்ளை வேர்கள் வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வெட்டுவாயை ஒட்டித் தளிர். பின்னாட்டிஃபிடா மெதுவானது. ஆனால் அதன் இலையை ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிப்போட்டால் அங்கேயே வேர்பிடித்துக் குட்டிவிடும், பிறகு இடம் மாற்றும் வேலை இல்லை. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்ற பெயர் இதற்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சில செடிகளின் இலை, வேர் விடும், மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், ஆனால் தளிர் விடவே விடாது. லட்விஜியா என்ற தண்டுச்செடியில் இதை நான் பலமுறை பார்த்தேன். கொத்துக்கொத்தாக வேர், மேலே அதே ஒற்றை இலை. வேர் உண்டாக்குவது இலைக்குச் சுலபம், புதிதாக ஒரு மொட்டை உண்டாக்குவது வேறு வேலை, அது எல்லா இலைக்கும் வராது. எனவே லட்விஜியா, பக்கோபா, ரோட்டலா போன்ற தண்டுச்செடிகளில் வெறும் இலையை எடுக்காதீர்கள். இலை தண்டோடு சேரும் கணுவையும் சேர்த்து, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சமாக ஒரு சென்டிமீட்டர் தண்டுத் துண்டோடு வெட்டுங்கள். இலைக்கக்கத்தில் மொட்டு ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பினால் போதும். சின்னதாக ஒரு கொத்து வாங்கி நிறையச் செடி ஆக்க விரும்புபவர்களுக்கு இது இலைமுறையைவிட நம்பகமானது. ஒரு தண்டில் எட்டுக் கணு இருந்தால் எட்டுச் செடி.

ஒரு வேண்டுகோளும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா ஆசியச் செடி. தொட்டிகள் வழியாக அமெரிக்காவுக்குப் போய், ஃபுளோரிடாவின் நீர்நிலைகளில் பரவி, அந்நாட்டின் தடைசெய்யப்பட்ட களைச்செடிகளின் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரு துண்டு தப்பினாலும் செடியாகும் அதே குணம்தான் காரணம். நறுக்கிய மிச்சத்தை ஓடையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து மண்ணில் உரமாகப் போடுங்கள்.

வாழைச்செடியும் அல்லியும்

நிம்ஃபாய்டஸ் அக்வாட்டிகாவின் அடியில் சின்ன வாழைச்சீப்புபோலத் தொங்குவது தடித்த வேர்கள், செடியின் சேமிப்பு. இதன் மிதக்கும் இலை ஒன்றை, காம்பு ஒரு விரற்கடை நீளம் இருக்கும்படி வெட்டி மிதக்கவிட்டால், காம்பும் இலையும் சேரும் இடத்தில் வேர்வந்து, பிறகு சின்ன இதய வடிவ இலைகள் வரும். பார்வைக்குக் காம்பாகத் தெரிவது இங்கே உண்மையில் தண்டு. இலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கணு இருக்கிறது. பூக்கள் வருவதும் அந்த இடத்தில்தான். ஆக இலையை வெட்டும்போது அந்தக் கணுவையும் சேர்த்தே எடுக்கிறோம். காம்பை இலையோடு ஒட்ட வெட்டிவிட்டால் கணு போய்விடும், வேலை கெட்டது. தண்ணீருக்குள் கிடக்கும் அடியிலையைவிட மேலே மிதக்கும் இலைதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. குட்டிக்கு வாழைக்காய் வேர்கள் உடனே வராது. செடி நிலைத்த பிறகு மெதுவாக வரும்.

அல்லிகளில் பெரும்பாலானவை இலையில் குட்டி விடாது. மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்ஃபேயா மைக்ராந்தாவும் அதன் கலப்பினமான டாபெனியும் விடும். ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த பேராசிரியர் சார்லஸ் டாபெனியின் பெயர் வைத்த அல்லி அது. காம்பு வந்து சேரும் இலை நடுவில் ஒரு சின்ன முடிச்சு தெரியும். அதுதான் குட்டி. இலை முற்றி மஞ்சளாகத் தொடங்கும்போது வெட்டி, ஒரு தட்டில் ஈரமான மணலின் மேல் பரப்பி, முடிச்சு மணலைத் தொடும்படி ஒரு கூழாங்கல்லைப் பாரமாக வைத்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கவிடுங்கள். இலை அழுகிக் கரையும், முடிச்சு மட்டும் வேரூன்றி நிற்கும்.

பிரித்து வைப்பது

அதிகம் பேர் தோற்பது இந்தக் கட்டத்தில். குட்டி கண்ணுக்குத் தெரிந்த உடனே பிரித்துவிடுகிறார்கள். ஜாவா ஃபெர்னில் நான் வைத்திருக்கும் கணக்கு: குட்டிக்கு குறைந்தது நான்கு இலை, ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர், வேர் அதே நீளம். அதற்கு முன் தொட வேண்டாம். ஒருமுறை விருந்தினருக்குக் கொடுப்பதற்காக இரண்டு இலைக் குட்டிகளை ஒன்பது எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்று அவர் சொன்னபோது, எனக்கு அவரைவிட வருத்தம். அதே தாயிலையில் நான் விட்டுவைத்த மூன்று குட்டிகள் இன்றும் தொட்டியில் இருக்கின்றன.

பிரிக்கும்போது குட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். குட்டியைச் சுற்றித் தாயிலையை ஒரு சின்னச் சதுரமாக வெட்டி, அந்தத் துண்டோடு எடுங்கள். அந்தத் துண்டு தானாகக் கரைந்துவிடும், வேர் அறுபடாது. அதைக் கல்லின் மேலோ மரக்கட்டையின் மேலோ பருத்தி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். பருத்தி நூல் நாளடைவில் மக்கிப்போகும், அதற்குள் வேர் பிடித்திருக்கும். நைலான் நூல் மக்காது, வளரும் ரைசோமை அறுக்கும். ஜெல்லாக வரும் சயனோஅக்ரிலேட் பசையாலும் ஒட்டலாம். ஒரு மிளகு அளவு பசை, வேரில் மட்டும். தளிரின் அடியில் பட்டால் அந்த இடம் வெளுத்துச் செத்துவிடும். எதுவானாலும் ரைசோம் மண்ணுக்குள் புதையக் கூடாது.

வாட்டர் ஸ்ப்ரைட் குட்டியைச் சரளையில் நடலாம், மிதக்கவும் விடலாம். ஹைக்ரோஃபிலா குட்டியை நடும்போது தாயிலையைப் பிரிக்கவே வேண்டாம். இலையோடு சேர்த்து இடுக்கியால் பிடித்து, வேர் மட்டும் உள்ளே போகும்படி சாய்வாகச் செருகுங்கள். இலை தளிரை அழுத்திப் பிடிக்கும் பாரமாகவும் இருக்கும். நாற்றங்காலில் இருந்து பெரிய தொட்டிக்குப் போன முதல் இரண்டு வாரம் ஜாவா ஃபெர்ன் குட்டி அசையாமல் இருக்கும், சில சமயம் பழைய இலை ஒன்று பழுக்கும். புது இலை ஒன்று சுருள் விரியத் தொடங்கினால் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

குட்டிகளை எடுத்த பிறகு மிச்சம் இருக்கும் தாயிலை பார்ப்பதற்குச் சல்லடைபோல இருக்கும். நடுநரம்பை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். இன்னும் விறைப்பாக நின்றால், அது தலையீத்து மட்டும்தான் முடித்திருக்கிறது. டப்பாவில் மறுபடியும் மிதக்கவிடுங்கள். இரண்டாம் ஈத்தில் குட்டிகள் குறைவாகவும் சிறியதாகவும் வரும், ஆனால் வரும். நரம்பு துவண்டு மடிந்த பிறகு எடுத்துப் போட்டால் போதும்.